மாதா விளக்குக்குப் போன பச்சை வயர்

1

இந்த மாதா திருநாளோடு நான் ஈப்போவுக்கு வந்து இருபத்து மூன்று வருடம் முடிகிறது. ஊரில் இருப்பவர்கள் போனில் பேசும்போது இன்னமும் "சிங்கப்பூர்ல எப்படி இருக்கே" என்றுதான் கேட்கிறார்கள். நான் இருப்பது மலேசியா, அதில் பேராக் மாநிலம், அதில் ஈப்போ, அதில் சிலிபின் என்று விளக்கி விளக்கி அலுத்துப்போனேன். இப்போதெல்லாம் சிங்கப்பூர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடம் முடிந்தபோதே ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வயர்மேன் என்னத்தை எழுதுவது? காலையில் காரின் மேல் ஏணியைக் கட்டுகிறேன், சாயங்காலம் அவிழ்க்கிறேன். இடையில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குள் வேர்த்து வழிகிறேன். இந்த வருடம் எழுத ஒரு காரணம் வந்துவிட்டது. என் தொழிலில் நான் செய்ததிலேயே மோசமான தவறு, இத்தனை வருடம் ஒரு சுவரில் சத்தமில்லாமல் கிடந்து, போன மாதம் என் மகளின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு கொரியன் நாடகம் பார்க்கிறாள். படிக்கிறவர்களைப் பயமுறுத்திக் கடைசியில் ஆறுதல் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தை நான் ஒருவன் அனுபவித்ததே போதும்.

2

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணப்பாறைக்குப் பக்கத்தில் பிறந்து, திருச்சியில் ஒரு கான்ட்ராக்டரிடம் வயரிங் கற்றவன். ஸ்டெல்லாவின் குடும்பம் இங்கே ரப்பர் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியது. வேளாங்கண்ணிக்கு வந்த இடத்தில் ஒரு சொந்தக்காரர் மூலம் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணை இந்தியாவுக்கு அனுப்பமாட்டோம், மாப்பிள்ளை வேண்டுமானால் இங்கே வரட்டும் என்று அவளுடைய அண்ணன் சவரிமுத்து ஒரே பிடியாக நின்றார். என் வீட்டில் என்னை அனுப்புவதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. நானும் வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் சிலிபின் வீட்டுக்கு எர்த் சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஊரில் எர்த் போடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆளுயரக் குழி, நடுவில் இரும்புக் குழாய், சுற்றி ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு உப்பு. கோடையில் மண் காய்ந்தால் வாளி நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் அதே முறையில் வீட்டின் ஈசானிய மூலையில் குழி தோண்டி, கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தவர், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்த மாப்பிள்ளை எல்லையோரத்தில் செய்வினை புதைக்கிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு. ஸ்டெல்லா போய்ச் சிரித்துச் சிரித்துச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த அக்கா இன்றைக்கும் நான் கையில் உப்புப் பொட்டலத்தோடு நடந்தால் ஒரு பார்வை பார்ப்பார்.

இங்கே அந்தக் குழியும் வேண்டாம், கரியும் வேண்டாம். செம்பு பூசிய ஒரு கம்பியைச் சம்மட்டியால் மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார்கள். வேலை முடிந்தது. தினமும் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் வருகிற ஊரில், மண்ணுக்கு யார் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

3

நீங்கள் நினைக்கிற மாதிரி வெளிநாட்டு வாழ்க்கை என்றால் விமானமும் கடலும் இல்லை. வரிசையும் எண் அச்சடித்த துண்டுச் சீட்டும்தான். முதல் பல வருடங்கள், வருடத்துக்கு ஒரு முறை மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினேன். இந்தப் பெண்மணிக்குத்தான் இவர் இன்னமும் புருஷனா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டுத்தான் ஆமாம் என்பாள். பிறகு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை வந்தது. வீட்டில் அவளுக்கும் மகளுக்கும் குடிமக்களின் நீல அட்டை, எனக்கு மட்டும் சிவப்பு. அந்த நீல அட்டைக்கு விண்ணப்பித்து, பதில் வராமல், மறுபடி விண்ணப்பித்து, நான் எந்தக் கவுண்டரில் எந்த அதிகாரி எத்தனை மணிக்குத் தேநீர் குடிக்கப் போவார் என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டேன்.

வயர்மேன் சான்றிதழுக்கும் இதே பாடு. திருச்சியில் நான் எத்தனை வீட்டுக்கு லைன் இழுத்திருந்தாலும் இங்கே பரீட்சை எழுதியாக வேண்டும், அதுவும் மலாயில். வினாத்தாளைத் திறந்ததும் எனக்கு முதலில் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. மலாயில் எர்த் வயருக்கு 'டாவாய் பூமி' என்று பெயர். பூமி என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற கேள்விகளுக்கு ஏறினேன். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன்.

எர்த் வயருக்கு இவர்கள் வைத்திருக்கிற விதிகள் எல்லாம் அந்தப் பரீட்சைக்காகத்தான் மனப்பாடம் ஆயின. கரண்ட் வருகிற லைன் வயர் போகிற குழாயிலேயே அதுவும் கூடப் போக வேண்டும். லைனுக்கு ஏற்ற கனம் அதற்கும் இருக்க வேண்டும், மிச்சம் பிடிக்கக் கூடாது. அதன் வழியில் சுவிட்சோ ஃபியூஸோ வரவே கூடாது. ஒரு மெஷினைக் கழற்றி எடுத்தால் அடுத்த மெஷினின் எர்த் அறுந்துபோகிற மாதிரிக் கோக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று கணக்குச் சொல்லக் கூடாது, ஏனென்றால் நாளைக்கே யாராவது இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டுவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பச்சை நிறம், அல்லது பச்சையில் மஞ்சள் கோடு, எர்த்துக்கு மட்டுமே சொந்தம். வேறு எந்த வேலைக்கும் அந்த வயரைத் தொடக் கூடாது, முனையில் வேறு நிற டேப் சுற்றினாலும் கூடாது.

கடைசி விதி அன்று கேள்வியாகவே வந்தது. அழகாகப் பதில் எழுதினேன், முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். எழுதி முடித்து வெளியே வந்து தோசை சாப்பிட்டேன். ஸ்டெல்லாவின் தோட்டத்து மாதா கோவிலில் நான் செய்திருந்த வேலை எனக்கு நினைவுக்கே வரவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு உறுத்துகிறது.

4

மகள் பெயர் ஏஞ்சலின், வயது இருபத்தொன்று. தமிழ் பேசுவாள், எழுத வராது. பேச்சும் நம்ம ஊர்ப் பேச்சு இல்லை. ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி, மலாயில் ஏறி, இங்கிலீஷில் இறங்கி, 'லா' என்று முடியும். பன்னிரண்டு வயது வரை என் மடியை விட்டு இறங்காதவள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ சீனப் பாஷையில் சிரிக்கிறாள். கேட்டால் கூட வேலை செய்கிற பெண் என்கிறாள். இருக்கட்டும்.

அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒரு முறை ஊருக்குக் கூட்டி வந்தோம். என் தங்கை வீட்டில் கிரைண்டரைத் தொட்டவள் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். லேசாகச் சுரீர் என்றிருக்கிறது. தங்கை கொஞ்சமும் பதறாமல், "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடணும் கண்ணு" என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். கிரைண்டருக்கு ஒரு ஜோடி, மோட்டாருக்கு ஒரு ஜோடி, ஃபிரிட்ஜுக்கு ஒரு ஜோடி என்று அந்த வீட்டில் தனித்தனியாக இருந்தது. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இருக்கும், மறுக்காதீர்கள். ஏஞ்சலின் அந்தச் செருப்பையும் கிரைண்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெஷினைச் சரிசெய்யாமல் ஏன் காலைச் சரிசெய்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டாள்.

தொழிற்கல்லூரியில் சேர்ந்து அவள் வயரிங் எடுத்தபோது ஸ்டெல்லாவுக்கு வருத்தம். பெண் பிள்ளை ஏணி ஏறுவதா என்றாள். நான் வெளியே ஸ்டெல்லா பக்கம் பேசினேன், உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். அவள் சான்றிதழை முதல் தடவையிலேயே வாங்கினாள். அதைச் சொல்லிக் காட்டவும் தவறவில்லை. இப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறாள், என்னை விட அதிகமாகச் சம்பாதிக்கிறாள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

5

ஸ்டெல்லா பிறந்த தோட்டம் ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம். ரப்பர் போய் இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மாதா கோவில் மட்டும் நிற்கிறது. வருடம் ஒரு முறை திருநாளுக்கு எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள். சாவி என் மச்சான் சவரிமுத்துவிடம். கோவிலைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார். தோட்டத்தில் எஞ்சின் ஓட்டிக் கரண்ட் கொடுத்த காலத்தில் வந்த பழக்கம். பிறகு இடி பயமும் சேர்ந்துகொண்டது.

கோவிலுக்குப் பக்கத்தில் கெபி இருக்கிறது, கல்லால் கட்டிய சின்னக் குகை, அதற்குள் மாதா சொரூபம். நான் வந்த வருடம், திருநாள் கொடியேற்றத்துக்கு முதல் நாள் மத்தியானம், புது மாப்பிள்ளையிடம் சவரிமுத்து ஒரு காரியம் கேட்டார். கெபியில் ஒரு விளக்கு வேண்டும், மெயினை அணைத்துப் பூட்டிய பிறகும் அது மட்டும் அணையக் கூடாது. மாதாவை இருட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றார். சுற்றிலும் மனைவி வீட்டார் நின்று பார்க்கிறார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கம்பத்திலிருந்து கரண்ட் வருகிற பக்கம், மெயினுக்கு முன்னாலிருந்தே ஒரு லைனைப் பிடித்தேன். கூரை வழியாகக் கொண்டுபோய், பின்சுவரில் இறக்கி, மண்ணுக்கடியில் கெபி வரை இழுத்தேன். பாதி வழியில் லைனுக்கான சிவப்பு வயர் தீர்ந்துவிட்டது. கடை டவுனில், பஸ் சாயங்காலம்தான். பையில் பச்சை இருந்தது.

திருச்சியில் அதுதான் எங்கள் வழக்கம். அந்தக் காலத்தில் எர்த் இழுக்கச் சொல்லிக் கேட்கிற வீடு குறைவு, அதனால் பச்சைச் சுருள் எப்போதும் மிஞ்சும். சிவப்பு தீர்ந்தால் பச்சையை எடுத்து முனையில் சிவப்பு டேப் சுற்றிவிடுவோம். இங்கேயும் சுற்றினேன். விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

போன மாதம் அந்தக் கோவிலை முழுக்கப் புதுசாக வயரிங் செய்கிற வேலை ஏஞ்சலின் கம்பெனிக்கு வந்தது. அம்மா பிறந்த தோட்டம் என்பதால் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் நாள் பார்வையிடத் தனியாகக் கிளம்பினாள். அன்றைக்கே பழைய எர்த்தை எடுத்துவிட்டு, புதுக் கம்பி அடிப்பதற்கு இடம் பார்க்க வேண்டும் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் சரிம்மா என்றேன். எனக்கு அன்றைக்குக் குடியுரிமை நேர்காணல், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

நேர்காணலில் மலாயில் பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். முக்காடு போட்ட ஓர் அம்மையார், சாந்தமான குரல். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மகளும் வயர்மேன்தான் என்றதும் அவருக்குச் சுவாரஸ்யம் வந்துவிட்டது. முதன்முதலில் இந்த நாட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்றார். எனக்கு வாய் நிறையப் பல். இருபது வருடமாக ஒவ்வொரு திருநாளிலும் நான் எனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயம் அல்லவா அது? ஒரு கோவிலில் விளக்குப் போட்டேன், மெயினை அணைத்தாலும் அது அணையாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

சொன்னது என் காதிலேயே விழுந்தது. மெயினை அணைத்தாலும் அந்த வயரில் கரண்ட் இருக்கும். அந்த வயர் பச்சை. பின்சுவரில் இறங்கி மண்ணுக்குள் போகிறது. பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அதைக் கரண்ட் ஓடாத எர்த் என்றுதான் நினைப்பார். எர்த்தை எடுக்கத்தான் அவள் போயிருக்கிறாள்.

எழுந்துவிட்டேன். மன்னியுங்கள், என் மகள் என்று மட்டும் மலாயில் சொல்ல வந்தது. இப்போது போனால் திரும்பவும் முதலிலிருந்து தேதி வாங்க வேண்டியிருக்கும் என்று அந்த அம்மையார் சொன்னார். விதியைத்தான் சொன்னார், அதில் மிரட்டல் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் உட்காருவதற்கு நான் எத்தனை வருடம் வரிசையில் நின்றேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6

ஏஞ்சலினுக்குப் போன் போகவில்லை. கோவில் வாசலில் வந்து நின்றால்தான் அங்கே லைன் கிடைக்கும். சவரிமுத்து எடுத்தார். பெயின்ட் வாங்க டவுனுக்கு வந்திருக்கிறாராம். நான் பதறுவதைக் கேட்டு அவர் சொன்ன வார்த்தையை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

"நான் மெயின அடச்சிட்டுத்தான்லா வந்தேன். ஒண்ணும் பயப்படாதீங்க மச்சான்."

அதுதானே பயம். அவர் அணைத்த மெயினை நம்பி அவள் கை வைப்பாளே. உடனே திரும்பிப் போங்கள், எதையும் தொடாதே என்று சொல்லுங்கள் என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். கோவிலுக்கு அவர் மோட்டார் சைக்கிள் போகிற தூரமும் என் கார் போகிற தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வழியெல்லாம் செம்பனை. அத்தனை வரிசைகளில் எந்த வரிசை எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. செபமாலை சொல்லப் பார்த்தேன், பாதி மந்திரத்தில் வயர் கனம் ஞாபகம் வந்தது. என்ன வயர் போட்டேன், பின்சுவரில் எந்த உயரத்தில் இறக்கினேன், ஈர மண்ணில் நின்று தொட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. தொழில் தெரிந்தவனுக்கு இதுதான் தண்டனை. ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் பொதுவாகப் பயந்திருப்பேன்.

கோவில் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. பின்பக்கம் போனேன். சுவரில் ஏணி சாய்த்திருந்தது, ஏணியில் யாரும் இல்லை. ஏணிக்குக் கீழே தரையைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பார்த்தேன். புல்தான் இருந்தது.

"பா?"

கெபிக்குப் பக்கத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, மடியில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை விரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரலில் மிளகாய்ச் சம்பல்.

"இன்னிக்கு இண்டர்வியூலா உங்களுக்கு. ஏன் இங்க வந்தீங்க?"

ஏணியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சை வயரைத் தொட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

"தொடல. மாமா மெயின் அடச்சிட்டுப் போனாரு, பாத்தா மாதா விளக்கு எரியுது. கரண்ட் எங்கேருந்து வருதுன்னு தெரியாம நான் எதையும் தொட மாட்டேன்பா."

பிறந்ததிலிருந்து வருடா வருடம் அந்த விளக்கை அவள் பார்த்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பூட்டிய கோவிலுக்கு வெளியே அது எரிவதைப் பார்த்துச் சிலுவை போட்டோமே தவிர, எப்படி எரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது பச்சை வயரில் உயிர் இருந்திருக்கிறது. அதில் ஒரு சிவப்பு எச்சரிக்கை அட்டையைக் கட்டிவிட்டு, வாசலுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறாள். மின்சாரக் கம்பெனி ஆட்கள் வந்து கம்பத்திலிருந்து வருகிற ஃபியூஸை எடுக்கும் வரை வேலை நிற்கிறது. அதனால்தான் சாப்பாடு.

நான் ஏணிக்குக் கீழே அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கடன் தீர்ந்தது, காய்ச்சல் விட்டது என்றெல்லாம் மனிதர்கள் நிம்மதியைச் சொல்வார்கள். என் பிள்ளை விரலைச் சூப்பி நெத்திலிக் கருவாட்டை மென்றுகொண்டிருந்தாள். எனக்கு வேறு என்ன வேண்டும்?

7

நிம்மதி வந்த பிறகு அடுத்தது வந்தது. அவள் பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எவனோ ஒரு மடையன் எர்த் கலர்ல லைன் இழுத்து மண்ணுக்குள்ள விட்டிருக்கான். கைல கெடச்சா அவன் சர்டிபிகேட்ட கிழிச்சிருவேன்."

அந்த நேரம் பார்த்து சவரிமுத்து மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தானே. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தோட்டத்து ஆளுங்க யாரோ செஞ்சதும்மா. பழைய கிராணி தோட்டத்துக் கணக்கு எழுதின காலத்துல. அவங்கள்லாம் செத்தே போய்ட்டாங்க."

கோவில் சாவி வைத்திருக்கிறவர் கெபிக்கு முன்னால் நின்று எனக்காகப் பொய் சொன்னார். தங்கை புருஷன் மானம் அவருக்குப் பெரிசு. ஏஞ்சலின் நம்பிவிட்டாள். பார்வையிட்ட படிவத்தில் முந்தைய வேலை யார் செய்தது என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மலாயில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் அதோடு முடிந்தது. மகளிடம் எனக்கு இருக்கிற ஒரே மரியாதை இந்தத் தொழில்தான். அவள் என் தமிழை வாசிப்பதில்லை, என் பாட்டைக் கேட்பதில்லை. ஆனால் ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் அப்பா என்ன சொல்கிறார் என்று காது கொடுப்பாள். அதையும் விட வேண்டுமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

"நான்தான்மா செஞ்சேன்" என்றேன்.

அவள் பேனாவை அப்படியே வைத்திருந்தாள். ஏன் பச்சை என்று கேட்டாள். சிவப்பு தீர்ந்துவிட்டது என்றேன். இரண்டு வார்த்தை. இத்தனை வருடம் எந்த நேரத்திலும் ஓர் உயிரை வாங்கியிருக்கக் கூடிய காரியத்துக்கு என்னிடம் இருந்த காரணம் அவ்வளவுதான். நேர்காணலை விட்டுவிட்டு ஓடி வந்ததையும் சொன்னேன். சவரிமுத்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சாப்டீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். மடித்த பொட்டலத்தைத் திரும்பப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். பாதி முட்டையும் கொஞ்சம் சோறும் இருந்தது. சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சம்பல் காரம் என்றேன். அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. படிவத்தை எடுத்து, 'தெரியவில்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பேனாவை என்னிடம் நீட்டினாள். என் பெயரை நானே எழுதினேன்.

அடுத்த வாரம் வேலை நடந்தபோது என்னையும் வரச் சொன்னாள். எனக்கு இட்ட வேலை ஒன்றுதான், சம்மட்டியை எடுத்து எர்த் கம்பியை அடித்து இறக்குவது. நிழலில் நின்றுகொண்டு, இன்னும் அடிங்கப்பா, இன்னும் அடிங்க என்று ரசித்தாள். மீட்டரை வைத்து எர்த்தின் தடையைப் பார்த்து ஏழு ஓம் என்றாள், பாஸ் என்றாள். கெபி விளக்குக்கு இப்போது தனி பிரேக்கர், சிவப்பு வயர், கூடவே மஞ்சள் கோடு போட்ட பச்சை வயர், அது எர்த்துக்கு மட்டும். பூட்டும்போது மற்ற பிரேக்கர்களை இறக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் விட்டால் போதும். ஆனால் சவரிமுத்துவின் கை பழக்கத்தில் மெயினுக்குத்தான் போகிறது. மெயின் மேல் மாமாவுக்குத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஏஞ்சலின் என்னை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். 'இதை அணைக்காதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பெரிய அட்டையில் வரைந்தாள். 'ணை' மட்டும் சரியாக வரவில்லை. நான் திருத்தவில்லை.

ஸ்டெல்லாவிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னோம். மாதாதான் விளக்கை எரியவிட்டுக் காப்பாற்றினாள் என்றாள். இருக்கலாம். அந்த விளக்கை ஆபத்தாக எரியவிட்டவன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள், அடுத்த இரண்டு நாளும் சொன்னாள்.

8

நேர்காணலுக்கு மறு தேதி கிடைக்க இன்னும் சில வருடம் ஆகும் என்று நினைத்திருந்தேன். மூன்றே வாரத்தில் கடிதம் வந்தது. யார் சொல்லி வந்தது என்று எனக்குத் தெரியாது, ஊகம் உண்டு. போனால் அதே அம்மையார், அதே மேஜை. நான் வழியெல்லாம் மலாய் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஊர், வயது, தொழில், அரசியலமைப்பு என்று எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. "அனாக் மாச்சாம் மானா?" என்றார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார். அன்று எழுந்து ஓடும்போது காரணமாக நான் சொன்னது அந்த ஒரு சொல்தானே, அதை ஞாபகம் வைத்திருந்தார்.

தயாரித்துக்கொண்டு போன வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வேறு வாக்கியங்கள் வந்தன. நலமாக இருக்கிறாள் என்றேன். போன முறை பாதியில் நிறுத்திய பதிலையும் முடித்தேன். இந்த நாட்டில் என் முதல் வேலையை நான் தப்பாகச் செய்தேன், என் மகள் அதைச் சரிசெய்துவிட்டாள் என்று சொன்னேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

நீல அட்டை இன்னும் வரவில்லை. வந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலை திருநாள் கொடியேற்றம். ஏஞ்சலின் கூடத்திலிருந்து கேட்கிறாள், அங்கே கடைகளுக்கு லைட் போட எக்ஸ்டென்ஷன் வயர் எடுத்து வைத்தாயிற்றா என்று. எடுத்து வைத்துவிட்டேன். சிவப்பு வயரில் ஒரு முழுச் சுருளும் கூடுதலாக வைத்திருக்கிறேன்.